‘மறுதிறனாக்கம்’ என்று எழுதலாமா? பழகிய கைக்குப் புதுவேலை சொல்லித்தரும் சொற்கள்

கோவைப் பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் பணியாளர் பிரிவில் இருக்கும் நண்பர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். உலோகத்தைச் சுழற்றிக் கடையும் சாதாரண லேத்தில் வேலை பார்க்கும், 40 வயது தாண்டிய தொழிலாளர்களுக்கு, கணினிக் கட்டளைப்படி தானாகக் கடையும் சி.என்.சி. இயந்திரத்தைச் சொல்லித்தரப் போகிறார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஆங்கில அறிக்கையில் ரீட்ரெய்னிங், ரீஸ்கில்லிங், அப்ஸ்கில்லிங், ரெஃப்ரெஷர் என்று நான்கு சொற்கள் மாறி மாறி வருகின்றன. ரீஸ்கில்லிங்கைக் கணினியில் போட்டு மொழிபெயர்த்தால் ‘மறுதிறனாக்கம்’ என்று வருகிறதாம். இதை அப்படியே அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமா, இல்லை வேறு நல்ல சொல் உண்டா என்று கேட்கிறார்.

ஒட்ட வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் 28 ஆண்டுகள் கடைசல் பிரிவில் சொல்லிக்கொடுத்தவன் நான். இதே தவற்றை ஒருமுறை செய்து, அதன் பலனை நேரில் பார்த்திருக்கிறேன்.

சி.என்.சி. எங்கள் ஊர்ப் பட்டறைகளுக்குள் வரத் தொடங்கிய காலம். அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளில் இருந்து லேத் ஆட்களை மாலை வகுப்புக்கு அனுப்பினார்கள். வாசலில் ‘மறுபயிற்சி வகுப்பு’ என்று நானே எழுதி வைத்தேன். முதல் நாள் ஒரு பெரியவர் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். உள்ளே வந்ததும் கேட்டார்: “ஏனுங் சார், முப்பது வருசமா கடைஞ்ச கைங்க இது. நாங்க என்ன ஃபெயில் ஆயிட்டமுங்களா?” அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே மனம் நொந்து கேட்டார். அந்த ஒரு சொல்லால், அவருக்கு ஏற்கெனவே தெரிந்த எல்லாவற்றையும் நான் வாசலிலேயே கழற்றி வைக்கச் சொல்லிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

‘மறு’ என்ற முன்னொட்டுக்குத் தமிழில் இரண்டு வாழ்க்கை. மறுநாள், மறுகரை, மறுபக்கம் என்னும்போது அது ‘இன்னொன்று’ என்று பொருள்படும். மறுகரை என்பது இதே கரை இரண்டாம் தடவை வருவதல்ல, வேறு கரை. இந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால் மறுபயிற்சி நல்ல சொல்தான்: வேறொன்றில் பயிற்சி. ஆனால் இன்றைய காதுக்கு அப்படி விழுவதில்லை. மறுதேர்வு, மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும் இந்தச் சொல்லை எடுத்துப் பழக்கிவிட்டன. மறுதேர்வு யாருக்கு? தேறாதவருக்கு. ஆக மறுபயிற்சி என்றதும், முதல் பயிற்சி வீணாகிப்போனவருக்குத் திரும்ப நடத்துவது என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. பெரியவர் கேட்டதில் பிழையே இல்லை. அவர் அந்தச் சொல்லை ஊர் படிக்கிறபடி படித்தார்.

உங்கள் ‘மறுதிறனாக்கம்’ இன்னும் மோசம். ‘திறனாக்கம்’ என்றாலே திறன் இல்லாத இடத்தில் திறனை உண்டாக்குவது. அதன் முன்னால் ‘மறு’வும் சேர்ந்தால், இருந்த திறனைச் செல்லாது என்று அறிவித்துவிட்டுப் புதிதாகச் செய்கிறோம் என்றாகிறது. பட்டறையில் இதை வாய்விட்டுப் படிக்கவும் யாருக்கும் வராது.

சரி, ‘மீள்பயிற்சி’? மீள் என்றால் திரும்பி வருதல். போன இடத்திலிருந்து பழைய இடத்துக்கு வருவதுதான் அதன் உயிர். பிள்ளைப்பேறு, வீட்டுப் பொறுப்பு என்று பத்து வருடம் வேலையை விட்டிருந்து மீண்டும் வார்டுக்கு வரும் செவிலியருக்கு நடத்தினால் அது மீள்பயிற்சி. விபத்தில் கை முறிந்து ஒரு வருடம் வீட்டில் இருந்த வெல்டர் திரும்பி வரும்போது கொடுப்பதும் மீள்பயிற்சிதான். உங்கள் லேத் ஆட்கள் எங்கும் போகவில்லையே, மீள்வதற்கு? இலங்கைத் தமிழில் கணக்கு கொஞ்சம் வேறு. நாம் ‘மறு’ போடும் பல இடங்களில் அவர்கள் ‘மீள்’ போடுவார்கள். நம் மறுசுழற்சி அங்கே மீள்சுழற்சி. விடைத்தாள் மறுமதிப்பீடு அங்கே மீள்பரிசீலனை. எனவே யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒருவர் மீள்பயிற்சி என்று எழுதினால் அங்குள்ள காதுக்கு அது இயல்பாகவே இருக்கும். ஆனால் ‘புனர்’ என்று தொடங்கும் சொற்களை அங்கே பார்த்துத்தான் தொட வேண்டும். 2009 போர் முடிந்த பிறகு முன்னாள் போராளிகளை வைத்திருந்த முகாம்களில் தொழிற்பயிற்சியும் கொடுத்தார்கள். அதற்கெல்லாம் சேர்த்து வைத்த பெயர் புனர்வாழ்வு. அந்தச் சொல்லுக்குள் தையல் இயந்திரமும் இருக்கிறது, முள்வேலியும் இருக்கிறது. நம் பக்கத்தில் அதற்கு இணையான மறுவாழ்வு என்ற சொல் குடிநோயிலிருந்து மீள்பவர்களுக்கும், 2021-இல் பெயர் மாற்றப்பட்ட இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களுக்கும் போய்விட்டது. தொழிற்சாலை அறிவிப்பில் அதற்கு இடமில்லை.

‘மீள்திறன் பயிற்சி’ என்று ஒட்டி எழுதுகிறவர்களையும் பார்க்கிறேன். மீள்திறன் என்பதை இப்போது பேரிடர், பருவநிலை, மனநலம் பற்றி எழுதுகிறவர்கள் அடி வாங்கியும் எழுந்து நிற்கும் வலிமைக்கு வைத்துக்கொண்டுவிட்டார்கள். நல்ல பொருத்தமான பயன்பாடு, அங்கேயே இருக்கட்டும். ‘மாற்றுத்திறன்’ பக்கமும் போக முடியாது. ஊனமுற்றோர் என்ற சொல்லை விட்டு மாற்றுத்திறனாளிகள் என்று தமிழ்நாட்டு அரசு எழுதத் தொடங்கி ஊரே அதை ஏற்றுக்கொண்டது. ‘மாற்றுத்திறன் பயிற்சி’ என்று பலகையில் போட்டால் உங்கள் தொழிலாளர்கள் வேறு யாருக்கோ என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள்.

அடுத்தது ரெஃப்ரெஷர், தெரிந்ததையே நினைவூட்டுவது. இதற்குத் தமிழில் வழக்கம் உறுதியாக இருக்கிறது: புத்தாக்கப் பயிற்சி. காவலர்களுக்குப் புத்தாக்கப் பயிற்சி, ஆசிரியர்களுக்குப் புத்தாக்கப் பயிற்சி என்று செய்தித்தாளில் எத்தனையோ முறை படித்திருப்பீர்கள். கல்வித்துறையில் பணியிடைப் பயிற்சி என்றும் சொல்வார்கள். பணிக்கு வந்த பின், பணியை விடாமல் பெறுவது என்ற பொருளில் அது மிகத் தெளிவான சொல். புத்தாக்கத்தில் ஒரு சிக்கல் முளைத்திருக்கிறது. புதுமை படைத்தல் என்ற பொருளுக்கும் அதே சொல்லைத்தான் இப்போது வைக்கிறார்கள். சென்னையில் இருக்கும் அரசு நிறுவனத்தின் பெயரே தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம். எனவே ‘புத்தாக்கப் பயிற்சி’ என்றால் மறந்ததை நினைவூட்டுவதா, புதுப் பொருள் கண்டுபிடிக்கச் சொல்லித்தருவதா என்ற மயக்கம் மெல்ல வரத்தான் செய்யும். பட்டறைக்குள் இதைச் சொல்ல எனக்குப் பிடித்த வழி வேறு. சாணை பிடிப்பது என்பேன். கத்தி பழைய கத்திதான், முனை மழுங்கியிருக்கிறது, அவ்வளவே. ஆண்டுக்கு ஒருமுறை அளவுக்கருவிகளையும் பாதுகாப்பு விதிகளையும் திரும்பப் பார்க்கும் இரண்டு நாள் வகுப்புக்கு ‘சாணை வகுப்பு’ என்றே பெயர் வைத்தோம். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

இருக்கும் திறனை உயர்த்துவதான அப்ஸ்கில்லிங்குக்குத் திறன் மேம்பாடு நிலைத்துவிட்டது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது, ‘நான் முதல்வன்’ திட்டம் 2022-இல் வந்த பிறகு கல்லூரிப் பிள்ளைகள் வாயிலும் அந்தச் சொல் புழங்குகிறது. மாற்ற வேண்டியதில்லை. உங்கள் தொழிற்சாலையில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். பம்ப் செய்யும் இடத்தில் திறன் என்றால் முதலில் குதிரைத்திறன்தான் நினைவுக்கு வரும். ‘திறன் மேம்பாட்டுக் கூட்டம்’ என்று மொட்டையாக எழுதினால் மோட்டாரைப் பற்றிய கூட்டம் என்று தரக்கட்டுப்பாட்டு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடலாம். ‘தொழில்திறன்’ அல்லது ‘கைத்திறன்’ என்று முழுதாக எழுதுங்கள்.

இனி முக்கியமானது, ரீஸ்கில்லிங். ஒரு தொழில் தெரிந்தவருக்கு வேறு தொழில் சொல்லித்தருவது. இதற்குச் செய்தித்தாள் தமிழில் ஏற்கெனவே நேரான சொல் இருக்கிறது: மாற்றுத் தொழில் பயிற்சி. சாராயம் காய்ச்சுவதை விட்டவர்களுக்கு மாற்றுத் தொழில், மீன்பிடித் தடைக்காலத்தில் மாற்றுத் தொழில் என்று மக்களே பேசுகிறார்கள். கையால் மலம் அள்ளும் வேலையை ஒழிக்க வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம், அந்த வேலையில் இருந்தவருக்கு வாழ்வாதாரத் திறன் ஒன்றில் பயிற்சியும், பயிற்சிக் காலத்தில் மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகையும் தர வேண்டும் என்கிறது. அங்கே மாற்றுத் தொழில் என்பது விடுதலை. பழைய வேலையை முற்றாக விட்டு வெளியேறுவதுதான் நோக்கம், சொல்லும் அதற்குப் பொருந்துகிறது.

ஆனால் அதே சொல்லை உங்கள் லேத் பிரிவில் ஒட்டினால் பயம் வரும். காரணமும் இருக்கிறது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் ரீஸ்கில்லிங் நிதி என்றே ஒன்று வருகிறது. ஆட்குறைப்புக்கு உள்ளாகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும், அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் கூலிக்கு ஈடான தொகையை முதலாளி அந்த நிதிக்குக் கட்ட வேண்டும். வேலை போன 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்குக்குப் போக வேண்டும். தொழிற்சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். அதாவது, இந்திய சட்டத்தில் அந்தச் சொல் ஆட்குறைப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. சி.என்.சி. வரும் நேரத்தில் ‘மாற்றுத் தொழில்’ என்று எழுதினால், “அப்ப இந்தத் தொழில் நமக்கு இல்லீங்களா?” என்றுதான் கேட்பார்கள்.

உண்மையில் லேத்தில் இருந்து சி.என்.சி.க்குப் போவது மாற்றுத் தொழிலும் அல்ல. அந்தப் பெரியவருக்கு என்னவெல்லாம் தெரியும் என்று ஒருநாள் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். வார்ப்பிரும்பு கடையும்போது சீவல் பொடிப்பொடியாக உதிரும், எஃகில் சுருள் சுருளாக வரும், அந்தச் சுருள் நீலம் பாய்ந்தால் சூடு ஏறிவிட்டது, வேகத்தைப் பார்க்க வேண்டும். வெட்டும் சத்தம் அதிர்ந்து கேட்டால் வேலைப்பொருள் பிடிப்பில் தளர்வு, அல்லது உளி அளவுக்கு மீறி வெளியே நீண்டிருக்கிறது. எந்த உலோகத்துக்கு எந்தக் கோணத்தில் உளியைத் தீட்ட வேண்டும். மைக்ரோமீட்டரைச் சுற்றும்போது எந்த இடத்தில் விரல் நிற்க வேண்டும். இவ்வளவும் சி.என்.சி.யிலும் அப்படியே வேண்டும். புதிதாக வேண்டியது கொஞ்சம்: விட்டத்துக்கு எக்ஸ், நீளத்துக்கு இசட் என்று இரண்டு அச்சு, ஜி-00 என்றால் வெட்டாமல் விரைந்து நகர்வது, ஜி-01 என்றால் வெட்டிக்கொண்டே நேராக நகர்வது, எம்-03 என்றால் சுழல்தண்டு சுற்றத் தொடங்குவது என்பது போன்ற கட்டளைகள், ஒவ்வொரு உளியின் அளவையும் இயந்திரத்துக்குச் சொல்லிவைப்பது. லேத்தில் தவறு நடந்தால் கைப்பிடியிலேயே தெரியும், கை தானாக நிறுத்திவிடும். இதில் கை கிடையாது. தவறை முன்கூட்டியே எழுத்தில் பார்க்க வேண்டும். அதனால்தான் பொருளை வெட்டாமல் வெறும் ஓட்டம் விட்டுப் பார்ப்பதையும், ஒவ்வொரு வரியாக நிறுத்தி ஓட்டுவதையும் முதல் வாரம் முழுக்கச் செய்ய வைப்போம். சீவலையும் சத்தத்தையும் அறியாத, படித்துவிட்டு மட்டும் வந்த பையன் இந்த வரிகளை இரண்டு நாளில் எழுதுவான். உளி முறிந்தபின் ஏன் முறிந்தது என்று சொல்ல அவனுக்கு இரண்டு வருடம் ஆகும்.

ஆகவே இங்கே நடப்பது பழையதன் மேல் புதியதை ஏற்றிக்கட்டுவது. அதற்குத் தமிழ்நாட்டுத் தொழிலாளி வாயில் இருக்கும் சொல் பழகுதல். “புது மிஷின் பழகறேன்”, “கை பழகிருச்சு”, “இன்னும் கைக்கு வரல” என்றுதான் பட்டறையில் பேசுவார்கள். இது பேச்சுச் சொல், அறிவிப்பில் எழுதலாமா என்று தயங்க வேண்டாம். சட்டத்திலேயே இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தைத் தமிழில் தொழிற்பழகுநர் சட்டம் என்கிறோம். வண்டி ஓட்டக் கற்பவர் வாங்குவது பழகுநர் உரிமம். பயில் என்பதற்குப் பயிற்று என்று பிறவினை இருப்பதுபோல, பழகு என்பதற்குப் பழக்கு இருக்கிறது. காளையை ஏருக்குப் பழக்குவார்கள். மனிதருக்கு ‘பழக்கு’ என்று எழுதினால் கொஞ்சம் கடுமை, அதனால் தன்வினையிலேயே நிறுத்துங்கள்: அவர் பழகுகிறார், நாம் கூட இருக்கிறோம்.

பழையதை மறப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. ணா, றா, னா வரிசையில் ஒன்பது, ணை, லை, ளை, னை நான்கு. அதற்கு முன் யானைத் துதிக்கைபோல் வளைந்த லை எழுதிக்கொண்டிருந்தோம். என் பெரியப்பா ஓர் அச்சகத்தில் அச்சுக்கோப்பவர். எழுத்துப் பெட்டியில் பழைய லைக்கு என்று தனிக் கட்டம் உண்டு. புது முறையில் லைக்குத் தனி அச்சு வேண்டாம், ஐகாரக் கொம்பையும் ‘ல’வையும் அடுத்தடுத்து எடுத்து வைத்தால் போதும். வேலை எளிதாகத்தான் ஆனது. ஆனால் பல மாதம் அவர் கை பழைய கட்டத்துக்கே போய் வெறுமையைத் தொட்டுவிட்டுத் திரும்பும் என்பார். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அந்தத் தொல்லை இல்லை. பழகிய கைக்குப் புதியதைச் சொல்லித்தரும்போது முதலில் வேகம் குறையும். அறிவின் குறையால் வருவதல்ல அது, கையின் நினைவால் வருவது. இதை வகுப்பின் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும்.

சிங்கப்பூரில் 2015-இல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டம் இந்த முன்னொட்டுத் தொல்லையிலேயே மாட்டவில்லை. 25 வயது நிறைந்த குடிமக்களுக்கு 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து, விரும்பியதைப் படியுங்கள் என்றார்கள். 2024-இல் 40 வயது நிறைந்தவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி. பெயரில் எதிர்காலம் இருக்கிறது, ‘மறுபடியும்’ இல்லை. தமிழில் அந்தப் பெயரை அப்படியே எழுதுகிறார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை.

வகுப்புக்கு வருகிறவர்களை என்ன சொல்லி அழைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பயிற்சியாளர் என்ற சொல் தமிழில் இரு பக்கமும் வெட்டுகிறது. கிரிக்கெட்டில் பயிற்சியாளர் சொல்லித்தருபவர். எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்திலோ சேர்ந்து படிக்கும் பையன்களைத்தான் அப்படிக் குறிப்பிடுவோம். பயிற்சி மருத்துவர் என்றாலும் கற்றுக்கொண்டிருப்பவர்தான். சொல்லித்தருபவரைப் பயிற்றுநர் என்று எழுதுங்கள், குழப்பம் தீரும். வருகிறவர்களுக்குப் பொதுப்பெயரே வேண்டாம். ‘லேத் பிரிவுப் பணியாளர்கள்’ என்று அவர்கள் இப்போது இருக்கும் பெயரையே எழுதுங்கள்.

நான் எழுதினால் பலகையில் இப்படி எழுதுவேன்:

“சி.என்.சி. பழகும் வகுப்பு. லேத் பிரிவுப் பணியாளர்கள் அனைவருக்கும். உங்கள் கடைசல் அனுபவத்தோடு கணினிக் கட்டளைகளையும் சேர்த்துப் பழக 12 நாள் வகுப்பு தொடங்குகிறது. வகுப்பு நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்படும். வகுப்பு முடியும்வரை உற்பத்தி அளவு கேட்கப்படாது. இதனால் யாருடைய வேலைக்கும் குறைவு வராது.”

கடைசி வரியை நிர்வாகத்திடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு ஒட்டுங்கள். அவர்கள் தயங்கினால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அது இல்லாமல் போவதை உங்கள் ஆட்கள் கவனிப்பார்கள், அது அவர்களுக்குத் தெரிய வேண்டிய செய்தியும்கூட.

சான்றிதழிலும் பழைய தொழிற்பெயரை அழிக்காதீர்கள். ‘சி.என்.சி. இயக்குபவர்’ என்று மட்டும் அடித்தால் நேற்று வந்தவர்போல ஆகிவிடும். ‘கடைசலர், சி.என்.சி. இயந்திரத்திலும் தேர்ந்தவர்’ என்று எழுதுங்கள். அந்தப் பெரியவருக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு, “முப்பது வருசம்னு போடலீங்களே சார்” என்றார். மறுநாள் அதையும் சேர்த்து அடித்துக் கொடுத்தோம்.